அரசுப் பள்ளி யாருடைய தயவிலும் நடக்கவில்லை

ஆவடிப் பக்கம் எங்கள் அண்ணனூரில் அரசுப் பள்ளியைப் பற்றிப் பேச்சு வந்தால், எந்தக் கட்சிக்காரர் ஆனாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேருகிறார். "ஓசியில சொல்லித் தர்றாங்க. சோறு போடுறாங்க, புக்கு தர்றாங்க, சைக்கிள் தர்றாங்க. இதுக்கு மேல என்னத்தக் கேக்குறது?" கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்றாலும், இரண்டு வகுப்பை ஒரே டீச்சர் பார்க்கிறார் என்றாலும் பேச்சு இதோடு முடிந்துபோகிறது. விவரம் தெரிந்த யாராவது, இதற்கெல்லாம் கோர்ட்டு தீர்ப்பு இருக்கிறதே என்று சொன்னால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. "தீர்ப்பெல்லாம் பேப்பர்லதான் சார் இருக்கும்" என்பார் பெற்றோர். "ஜட்ஜுக்கு ஸ்கூல் நடத்துற கஷ்டம் தெரியுமா?" என்பார் ஆசிரியர்.

இலவசமாகத் தருவதைக் கேள்வி கேட்கக் கூடாது. தீர்ப்பு பள்ளிக்கூட வாசலைத் தாண்டி வராது. நீதிமன்றத்துக்குக் கல்வியில் வேலை இல்லை. மூன்றும் தனித்தனி அபிப்பிராயங்கள் போலத் தெரியும். வேர் ஒன்றுதான்: மேலே இருப்பவர் மனசு வைத்தால் பள்ளி நன்றாக இருக்கும், வைக்காவிட்டால் நம் தலைவிதி என்கிற எண்ணம். இந்த எண்ணம் தவறானது. பிள்ளைகளுக்குக் கேடு செய்வது. கடந்த முப்பது ஆண்டுகளில் அரசுப் பள்ளி செய்தே தீர வேண்டியவை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் ஏறியிருக்கின்றன. ஏற்றியதில் பெரும் பங்கு நீதிமன்றங்களுடையது. அதை அறியாமல் இருப்பதால் இழப்பு நமக்குத்தான்.

முதலில் ‘ஓசி’ வாதத்தை எடுத்துக்கொள்வோம். அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த பத்து ஆண்டுகளுக்குள், பதினான்கு வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்று அதன் 45ஆவது உறுப்பு சொன்னது. கணக்குப்படி 1960இல் முடிந்திருக்க வேண்டிய வேலை. அது வழிகாட்டு நெறிதான், கோர்ட்டில் கேட்க முடியாது என்பதே அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுகளுக்குக் கிடைத்த சாக்கு. 1992இல் மோகினி ஜெயின் வழக்கும், 1993 பிப்ரவரியில் உன்னிகிருஷ்ணன் வழக்கும் அந்தச் சாக்கைப் பறித்தன. இரண்டுமே தனியார் கல்லூரிகள் வாங்கிய நன்கொடை, கட்டணம் பற்றித் தொடங்கிய வழக்குகள். ஆனால் உன்னிகிருஷ்ணன் வழக்கை விசாரித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, பதினான்கு வயது வரை இலவசக் கல்வி என்பது குழந்தையின் அடிப்படை உரிமை என்ற முடிவுக்கு வந்தது. அந்தத் தீர்ப்பு போட்ட வழியில்தான் 2002இல் 86ஆவது திருத்தம் வந்தது. 21அ உறுப்பு வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

கட்டாயக் கல்வி என்றால் பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்குத் தண்டனை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் 8ஆவது பிரிவைப் படித்தால் தெளிவாகும். அது கட்டாயத்தை அரசின் தலையில் வைக்கிறது. பிள்ளையைச் சேர்க்க வேண்டும், வரவைக்க வேண்டும், எட்டாம் வகுப்பு வரை படித்து முடிக்கச் செய்ய வேண்டும். அருகில் பள்ளி, கட்டடம், ஆசிரியர், கற்கத் தேவையான பொருள்கள் எல்லாம் அரசின் பொறுப்பு. நடுவில் விட்டுவிட உரிமை இல்லாத வேலை இது. கடன் வாங்கியவன் தவணை கட்டும்போது அவனுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. அரசுப் பள்ளியில் கரும்பலகையும் குடிநீரும் இருப்பதற்கு நாம் ஏன் கைகூப்ப வேண்டும்?

இங்கே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. தமிழ்நாடு கோர்ட்டு சொல்லியா சோறு போட்டது? 1956இல் காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்தார், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். இப்போது காலை உணவும் வந்துவிட்டது. எந்த நீதிபதியும் உத்தரவு போடவில்லை. மக்கள் கேட்டார்கள், அரசியல் செய்தது. உண்மை. தமிழ்நாட்டின் இந்த வரலாற்றில் பெருமைப்படாதவன் நான் இல்லை. ஆனால் இதே வரலாற்றின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

2001இல் நாட்டின் பெரும்பாலான மாநிலங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவு தரவில்லை. மாதத்துக்கு இவ்வளவு என்று தானியத்தை அளந்து கொடுத்தன. அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று, மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது: அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் சமைத்த மதிய உணவு, குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள். நம் மாநிலம் அரசியல் விருப்பத்தால் தொடங்கியது, அந்த உத்தரவால் பிற மாநிலங்களின் கடமை ஆயிற்று. 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைச் சட்டப்படியான உரிமையாக எழுதியது. இன்று யார் முதல்வரானாலும் நிதி இல்லை என்று அடுப்பை அணைத்துவிட முடியாது. அரசாணையால் வந்ததை இன்னொரு அரசாணை எடுத்துவிடும். உரிமையாக ஏறிவிட்டதை எடுக்க வேண்டுமானால் நீதிமன்றத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும்.

எடுத்துவிட முடியும் என்பது கற்பனை என்று சொல்பவர்களுக்கு 2011ஐ நினைவூட்டுகிறேன். 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் சமச்சீர்க் கல்வி முதலில் வந்தது; 2011 ஜூனில் மற்ற வகுப்புகளுக்கும் வர வேண்டும். மே மாதம் ஆட்சி மாறியது. புதிய அரசு சட்டத்தைத் திருத்தி, சமச்சீர்ப் பாடத்திட்டத்தை நிறுத்தி வைத்தது. அச்சாகிக் கிடந்த புத்தகங்கள் பிள்ளைகள் கைக்கு வரவில்லை. ஜூன் போனது, ஜூலை போனது. தமிழ்நாடு முழுக்கப் பிள்ளைகள் பாடப்புத்தகம் இல்லாமல் பள்ளிக்குப் போய்வந்தார்கள். ஜூலை 18 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்து, பத்து நாட்களுக்குள் சமச்சீர்க் கல்வியை நடைமுறைப்படுத்தச் சொன்னது. அதன் பிறகே புத்தகங்கள் வகுப்பறைக்கு வந்தன. இரண்டு ஆட்சிகளின் போட்டிக்கு நடுவே அகப்பட்ட பிள்ளைகளுக்காகப் பேச அன்று நீதிமன்றத்தைத் தவிர வேறு இடம் இருக்கவில்லை. மனசு வைத்தவர் தந்ததை, மனசு வைக்காதவர் நிறுத்தினார். தயவை நம்பி இருப்பதன் விலை இதுதான்.

அடுத்தது, தீர்ப்பு வெறும் காகிதம் என்கிற வாதம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடக் கூரையில் பிடித்த தீ 94 குழந்தைகளைக் கொன்றது. ஓலைக் கூரை, குறுகலான வழி, நெரிசலான வகுப்பறை என்று காரணங்களை நாமெல்லாம் அறிவோம். அந்தத் தீயை முன்வைத்து அவினாஷ் மெஹ்ரோத்ரா என்பவர் தொடுத்த பொதுநல வழக்கில் 2009 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வி உரிமை என்பதற்குள் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கும் என்பது அதன் சாரம். நாட்டின் எல்லாப் பள்ளிகளிலும், அரசுப் பள்ளி தனியார் பள்ளி வேறுபாடில்லாமல், தீயணைப்புக் கருவி இருக்க வேண்டும். எளிதில் தீப்பற்றும் பொருள்களை வைக்கக் கூடாது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். கட்டடங்கள் தேசியக் கட்டட விதிகளின்படி இருக்க வேண்டும் என்று அது உத்தரவிட்டது. இன்று பள்ளி வராந்தாவில் சிவப்பு உருளை தொங்கினால், அதன் பின்னால் கும்பகோணத்துப் பிள்ளைகளும் ஒரு தீர்ப்பும் இருக்கிறார்கள்.

கழிப்பறைக்கும் அப்படித்தான். 2012 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆறு மாதக் கெடு விதித்தது: எல்லாப் பள்ளிகளிலும் குடிநீர், ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை. கழிப்பறை இல்லாத பள்ளிக்குப் பெற்றோர் பெண் பிள்ளைகளை அனுப்புவதில்லை, ஆகவே அது கல்வி உரிமையையே மறுப்பதாகும் என்று அதே வழக்கின் முந்தைய உத்தரவு சொல்லியிருந்தது. வயதுக்கு வந்ததும் மகளை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிற வீடுகள் நம் பகுதியில் இல்லையா? அந்த வீட்டில் நடக்கும் பேச்சை அறிந்து எழுதிய உத்தரவு அது.

எதிர்த் தரப்பின் வலுவான சான்றை நானே எடுத்து வைக்கிறேன். கும்பகோணம் தீயை முன்வைத்த தீர்ப்பு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து, 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். பாதுகாப்பான கட்டடம் பிள்ளைகளின் உரிமை என்று 2009இலேயே எழுதியாயிற்று. அந்த எழுத்து அந்தச் சுவரைத் தாங்கவில்லை. அப்படியானால் காகிதம்தானே?

இல்லை. தீர்ப்பு தானாக நடந்து பள்ளிக்கு வராது என்பதை அந்தச் சாவுகள் காட்டுகின்றன. தீர்ப்புக்குச் சக்தி இல்லை என்பதை அவை காட்டவில்லை. ஒரு சுவரில் விரிசல் விடும்போது அதை முதலில் பார்ப்பவர்கள் பிள்ளைகள், ஆசிரியர்கள், பெற்றோர். இது எங்கள் சட்ட உரிமை, இத்தனை நாளுக்குள் சரிசெய்யுங்கள் என்று எழுதிக் கொடுக்கும் இடத்தில் அவர்கள்தான் இருக்கிறார்கள். காகிதம் என்று முன்கூட்டியே முடிவுகட்டியவர்கள் எழுதிக் கொடுப்பதில்லை. எழுதிக் கொடுக்காததால் அது காகிதமாகவே கிடக்கிறது. நம்பிக்கையின்மையே தன்னை மெய்ப்பித்துக்கொள்ளும் வழி இது.

தாமதம் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். மாற்றுத்திறன் குழந்தைகளுக்குச் சிறப்பு ஆசிரியர்களை நியமிக்க வேண்டும், தொடக்கப் பள்ளியில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் பதினைந்துக்கு ஒருவர் என்று 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பல மாநிலங்கள் அசையவில்லை. 2025 மார்ச்சில் நீதிமன்றம் மறுபடியும் கெடு வைத்துப் பணியிடங்களை அறிவிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. இடையில் போன ஆண்டுகள் அந்தப் பிள்ளைகளுக்குத் திரும்பி வராது. ஆனால் அந்த வழக்கு இல்லாவிட்டால் கெடு வைக்கக் கூட ஆள் இருந்திருக்காது.

தீர்ப்பு காகிதம் என்று நம்புகிறவர்கள் 2025 செப்டம்பர் 1 அன்று வந்த தீர்ப்புக்குப் பிறகு ஆசிரியர் சங்கங்களிடம் போய் அதைச் சொல்லட்டும். ஏற்கெனவே பணியில் இருக்கும் ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம்; தேறாவிட்டால் கட்டாய ஓய்வு. ஐந்து ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் வேலையில் தொடரலாம், பதவி உயர்வு இல்லை. தமிழ்நாடு அரசு சீராய்வு மனு போட்டது. சங்கங்கள் போராட்டம் அறிவித்தன. இருபது ஆண்டு பாடம் நடத்தியவர்கள் மறுபடி வழிகாட்டி நூல்களை வாங்கி உட்கார்ந்தார்கள். காகிதத்துக்கா இவ்வளவு பதற்றம்?

அந்தத் தீர்ப்போடு எனக்கு உடன்பாடில்லாத இடம் உண்டு. 2010 ஆகஸ்டில் தகுதித் தேர்வை அறிவித்த தேசிய ஆசிரியர் கல்விக் கழகமே, அதற்கு முன் முறைப்படி நியமிக்கப்பட்டவர்களுக்கு விலக்கு தந்தது. அந்த வார்த்தையை நம்பி வேலை பார்த்தவர்கள் மேல் முழுப் பாரத்தையும் ஏற்றியது நியாயமில்லை. பயிற்சி தர வேண்டிய கடமை அரசுக்கு இருக்கிறது. கெடு அரசின் மேல் விழுந்திருக்க வேண்டும். ஆனால் இதை எங்கே சொல்வது? அதே நீதிமன்றத்தில், சட்டப் பிரிவைக் காட்டி, மனுவாக. தீர்ப்புக்கு எதிராகப் போராட வேண்டுமென்றால்கூடத் தீர்ப்பைப் படித்திருக்க வேண்டும்.

மூன்றாவது வாதம் ஆசிரியர்களும் அதிகாரிகளும் சொல்வது: நீதிபதிக்குப் பள்ளிக்கூடம் தெரியாது. தெரியாமல் எழுதப்பட்ட தீர்ப்புகள் உண்டு. அரசு ஊழியர்கள், மக்கள் பிரதிநிதிகள் எல்லோரும் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. அதன் பின்னால் இருந்த கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த உத்தரவைத் தாங்கிப் பிடிக்கச் சட்டத்தில் எழுத்து இல்லை. அது நடைமுறைக்கு வரவில்லை. நிலைத்து நின்ற தீர்ப்புகளைப் பாருங்கள். மதிய உணவு, தீப்பாதுகாப்பு, கழிப்பறை, சமச்சீர்ப் புத்தகம் எதிலும் நீதிபதி ஆசிரியர் நாற்காலியில் உட்காரவில்லை. கூட்டல் கணக்கை எப்படிச் சொல்லித் தர வேண்டும் என்று சொல்லவில்லை. அரசியல் சட்டத்திலும், அரசின் சட்டங்களிலும் திட்டங்களிலும் ஏற்கெனவே இருந்த வாக்குறுதியை எடுத்து, இதை எப்போது செய்வீர்கள் என்று தேதி கேட்டார். கேள்வி அவ்வளவுதான். அதைக் கேட்கக் கல்வியியல் படிக்க வேண்டியதில்லை.

தேதி கேட்பது நம் நாட்டு நீதிமன்றம் மட்டும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் பிள்ளைகள் மேசை நாற்காலி இல்லாமல் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்து படித்தார்கள். மாகாண அரசு, பணம் இல்லை, எத்தனை மேசை தேவை என்ற கணக்கே இன்னும் முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. 2014 பிப்ரவரியில் நீதிமன்றம், மேசையும் நாற்காலியும் கல்வி உரிமையின் பகுதி என்று சொல்லிக் கெடு விதித்தது. நம் ஊர் அதிகாரி சொல்லும் பதிலும் அங்கே சொன்ன பதிலும் ஒன்றாகவே இருக்கின்றன. எண்ணி முடிக்காமலே ஆண்டுகள் ஓட்டும் நிர்வாகத்துக்கு, எண்ணி முடி என்று சொல்ல ஒருவர் வேண்டியிருக்கிறது.

பணம் இல்லை என்பதும் எப்போதும் இயற்கையாக வந்த வறட்சி இல்லை. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்ற காரணத்தைக் காட்டி மத்திய அரசு தமிழ்நாட்டுக்கான சமக்ர சிக்‌ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்ட நிதியை நிறுத்தியது. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கல்வி உரிமைச் சட்டத்துக்கான நிதியைத் தரும் பொறுப்பைத் தேசியக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்று சொன்னது. தனியார் பள்ளிகளில் அந்தச் சட்டப்படி ஒதுக்கப்படும் 25 விழுக்காடு இடங்களுக்கு மாநில அரசு செலுத்த வேண்டிய தொகையை, மத்திய நிதி வரவில்லை என்று சொல்லி நிறுத்தி வைக்கவும் கூடாது என்றது. ஒரே தீர்ப்பு டெல்லிக்கும் சென்னைக்கும் சேர்த்துக் கடமையைச் சொன்னது. கல்வி கொள்கை சார்ந்த விஷயம், கோர்ட்டு தள்ளி நிற்கட்டும் என்றால், இரண்டு அரசுகளும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டே இருக்க நடுவில் நிற்கும் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

ஆசிரியர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தீர்ப்புகள் எல்லாம் உங்கள் மேல் ஏற்றப்படும் சுமை என்று நினைக்கிறீர்கள். 2007 டிசம்பரில், தேர்தல் ஆணையம் தொடர்பான செயின்ட் மேரீஸ் பள்ளி வழக்கில், வாக்காளர் பட்டியல், தேர்தல் வேலைகளுக்கு ஆசிரியர்களை விடுமுறை நாட்களிலும் வகுப்பு இல்லாத நாட்களிலும்தான் பயன்படுத்த வேண்டும், வகுப்பு நேரத்தில் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தொடக்க வகுப்பில் 30 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர், நடுநிலை வகுப்பில் 35 பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. சிறப்பு ஆசிரியர் பற்றிய தீர்ப்பும் உங்கள் வகுப்பறைக்கு இன்னொரு கை கேட்டதுதான். பெற்றோர் இந்தத் தீர்ப்புகளைப் படித்துக்கொண்டு பள்ளிக்கு வந்தால், அவர்கள் வருவது உங்கள் பக்கம் நிற்கவே.

அண்ணனூருக்கு வருவோம். ரயில்வே பணிமனை, ஆவடித் தொழிற்சாலைகள், அம்பத்தூர் எஸ்டேட் என்று வேலையை நம்பி வந்தவர்களால் நிரம்பிய பகுதி இது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் குடும்பத்தோடு வந்தவர்கள் இருக்கிறார்கள். வேலை போனதும், தனியார் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் பிள்ளையை அரசுப் பள்ளிக்கு மாற்ற நினைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரையும் வாசலில் நிறுத்துவது டி.சி. எனப்படும் மாற்றுச் சான்றிதழ் என்ற ஒரே தாள். பழைய பள்ளி பாக்கிக் கட்டணத்துக்கு ஈடாக அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. புதிய பள்ளி அது இல்லாமல் சேர்க்கத் தயங்குகிறது. எட்டாம் வகுப்பு வரை, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு. வயதுச் சான்று இல்லை என்பதற்காகவும் மறுக்கக் கூடாது என்கிறது 14ஆவது பிரிவு. டி.சி. கட்டணம் வசூலிக்கும் கருவி இல்லை, அதில் கட்டண பாக்கியை எழுதக் கூடாது, சேர்க்கைக்கு அதைக் கேட்டு நிர்ப்பந்திக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆவடிக்கும் திருமுல்லைவாயலுக்கும் நடுவே வாடகை வீட்டில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு இதைவிட நெருக்கமான தீர்ப்பு எது? டெல்லியிலிருந்து கூட வரவில்லை, பாரிமுனையிலிருந்து வந்தது.

ஆனால் சேர்க்கை மறுக்கப்பட்டுத் திரும்பும் தாய்க்கு அதை யார் சொல்வது? வழக்குப் போட எல்லோரும் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. போனவர்கள் போட்ட வழக்கின் பலனை இங்கே கேட்டு வாங்கினால் போதும். அதற்கான இடத்தையும் சட்டமே வைத்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது அந்தக் குழு. அரசு தரும் மானியத்துக்கு அந்தத் திட்டமே அடிப்படை என்கிறது 22ஆவது பிரிவு. புகாரை எழுத்தில் கொடுத்தால், உள்ளாட்சி அமைப்பு விசாரித்து மூன்று மாதங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது 32ஆவது பிரிவு. முடிவு சரியில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். 2019இல் மாநகராட்சியான ஆவடியின் எல்லைக்குள் இருக்கும் நமக்கு, மனு கொடுக்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

ஆகவே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, டீ குடித்துத் திரும்பும் பழக்கம் நிற்க வேண்டும். கழிப்பறை, குடிநீர், தீயணைப்புக் கருவி, கட்டட உறுதி, ஆசிரியர் எண்ணிக்கை, சிறப்பு ஆசிரியர், டி.சி. இல்லாமல் சேர்ந்த பிள்ளைகள் என்று ஒவ்வொன்றையும் தலைமையாசிரியரிடம் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். குறை இருந்தால் எந்தச் சட்டப் பிரிவு, எந்தத் தீர்ப்பு என்று குறிப்பிட்டு மேலே அனுப்ப வேண்டும். இதில் தலைமையாசிரியரை எதிரியாக்குவது ஒன்றும் இல்லை. பணம் கேட்டுக் கடிதம் எழுதி அலுத்துப்போன பலருக்கு இந்தத் தீர்மானம்தான் பலம். எழுத்தில் கேட்ட கேள்வியை அலட்சியம் செய்வது, வாயால் சொன்ன குறையை அலட்சியம் செய்வதைப் போல எளிதில்லை. அதிகாரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். பெற்றோருக்கும் தெரிந்தாக வேண்டும்.

ஓசியில் தருகிறார்கள் என்று இனி யாரும் நம் வாயை அடைக்க விடக் கூடாது. அரசு தன் கடமையைச் செய்கிறது. செய்யாத இடத்தில் செய்யச் சொல்லும் உரிமை, அந்தப் பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கிறது. பிள்ளைகளுக்காக அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்.